கீழே நின்று காட்டிய கை

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கட்டட வேலைக்காரர்கள் யாருக்கும் அது தேவைப்படவில்லை. டேப்பு சார் என்றால் போதும், தெரிந்துவிடும். கால்சட்டையின் வலது பையில் எப்போதும் ஓர் அளவு நாடா புடைத்துக்கொண்டிருக்கும். பிறர் சொல்லும் அளவை அவர் நம்பமாட்டார். தன் கண்ணையும் நம்பமாட்டார். சுவர் நேராகத்தான் இருக்கிறது என்று பத்துப் பேர் சத்தியம் செய்தாலும், டேப்பை இழுத்துப் பார்த்த பிறகுதான் தலையை ஆட்டுவார். பீரோ வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சொன்ன உயரத்தை நம்பாமல் அவர் டேப்பை எடுத்தபோது, மனைவி அந்தக் கடையிலேயே கேட்டாள்: "ஏங்க, என்னையும் இப்படி அளந்து பார்த்துட்டுத்தான் கட்டிக்கிட்டீங்களா?" கடைக்காரர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. பீரோவின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தார்.

பெரிய அடுக்குமாடிகளுக்கெல்லாம் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. சேமித்ததைக் கொண்டு ஒரு மாடி எழுப்புகிறவர்கள், கடைக்குப் பின்னால் ஓர் அறை சேர்க்கிறவர்கள், இவர்கள்தான் அவரைத் தேடி வருவார்கள். வரைபடம் போட்டுக் கொடுப்பார், கம்பிக் கணக்குச் சொல்வார், நடுநடுவே வந்து பார்ப்பார். காண்ட்ராக்டர்களுக்கு அவர் வருகிற நாள் வயிற்றெரிச்சல். வீட்டுக்காரர்களுக்கு அதுவே நிம்மதி.

டெய்லரம்மா அப்படித்தான் வந்தார். தெருமுனையில் சின்னக் கடை போட்டுத் துணி தைத்தவர். கணவர் இல்லை. தங்கையோடு மாடி இல்லாத தன் பழைய வீட்டில் இருந்தார். மேலே ஒரு மாடி கட்டி, தெருப்பக்கம் ஒரு பால்கனி வைத்து, அதில் தையல் மிஷினைப் போட்டு, விளக்குப் போடாமல் பகல் வெளிச்சத்தில் தைக்கவேண்டும் என்பது அவர் ஆசை. "கறுப்புத் துணியில கறுப்பு நூல் கோக்குறப்ப கண்ணு போகுது சார். எனக்கு வெளிச்சம் வேணும், வேற ஒண்ணும் வேணாம்" என்றார். டேப்பு சார் மிஷினை அளந்தார், அவர் உட்காரும் முக்காலியை அளந்தார், பால்கனியைக் கொஞ்சம் அகலமாகவே வரைந்தார்.

தூண் இல்லாமல் சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் பால்கனியில் ஒரு விஷயம் உண்டு. மற்றத் தளங்களில் முக்கியமான கம்பி அடியில் கிடக்கும். இதில் மேலே இருக்கவேண்டும். பாரம் முனையைக் கீழே இழுக்கும்போது, சுவரை ஒட்டிய மேற்புறம்தான் பிளக்கப் பார்க்கும். அங்கே கம்பி இருந்தால்தான் பிடித்து நிறுத்தும். ஆனால் காங்கிரீட் போடும் நாளில் கலவைச் சட்டியோடு வேலையாட்கள் அந்தக் கம்பிகளின் மேலேயே நடப்பார்கள். மிதிபட்டுக் கம்பி அடிக்குப் போய்விடும். போகாமல் இருக்க, வளைத்த குட்டிக் கம்பிகளை அடியில் முட்டுக் கொடுத்து வைப்பார்கள். அதற்குப் பெயர் சேர். எல்லாம் வைத்தாலும் டேப்பு சாருக்கு நம்பிக்கை வராது. பால்கனி போடும்போது மட்டும், கலவை கம்பியை மூடி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அது அவராக வைத்துக்கொண்ட பழக்கம்.

டெய்லரம்மா வீட்டில் காங்கிரீட் போட்ட நாள் காலையில் மேலே ஏறிப் பார்த்தார். சேர் குறைவாக இருந்தது.

"மேஸ்திரி, என்னப்பா இது? இன்னும் கொஞ்சம் வையி. மிதிச்சா உள்ள போயிடும்."

"வெச்சிடுறேன் சார். நீங்க போயிட்டு வாங்க, உங்க டேப்பு வெக்கப்படுற மாதிரி வெச்சித் தரேன்" என்றார் மேஸ்திரி. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மனிதர். சட்டிக்காரப் பெண்களோடு வாயாடிக்கொண்டே வேலையை ஓட்டுவார். வேலையில் மோசம் என்று சொல்லமுடியாது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகவே செய்வார்.

டேப்பு சார் வீட்டுக்குப் போனார், குளித்தார், சட்டை மாற்றினார். அன்று மதியம் பொறியாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். முதல் முறையாக அவரை மேடையில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே ஒரு ஜோடி தோல் ஷூ வாங்கியிருந்தார், பழுப்பு நிறத்தில். வாழ்நாளெல்லாம் ரப்பர் அடி போட்ட செருப்போடு சாந்தில் நடந்த மனிதர் கடையில் வெகுநேரம் நின்று பார்த்து, ஒரு தடவை வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் வாங்கிய ஷூ. "கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒண்ணு வாங்கலையே" என்றாள் மனைவி. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

கூட்டத்துக்குப் போகிற வழியில் வேலை நடக்கும் இடத்தில் இறங்கினார். கலவை மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாடிக்குப் போகப் படி இன்னும் கட்டவில்லை. சாய்த்து வைத்த பலகைதான் வழி. பலகை முழுக்க ஈரச் சாந்து. எதிர்ப் பக்கத்துக் கடையின் முன்னால் நின்றார். மேலே மேஸ்திரியின் தலை தெரிந்தது. வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"சார்! பால்கனி போடப் போறோம்! மேல வந்து பாக்குறீங்களா?"

அவர் பலகையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, போடு போடு என்று ஆட்டினார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்குப் போனார், மேடையில் உட்கார்ந்தார், காலை லேசாக முன்னால் நீட்டியே உட்கார்ந்தார்.

அடியில் தாங்கிய முட்டுகளை எடுத்த பிறகும் பால்கனி நின்றது. டெய்லரம்மா மாடிக்குக் குடி போனார். மிஷின் வெளிச்சத்துக்கு வந்தது. மழைக்காலம் தொடங்கியதும் மேற்புறத்தில் சுவரோரம் மயிரிழை போல ஒரு கீறல் தெரிந்தது. பூச்சு வெடித்திருக்கும் என்று தங்கை சொன்னாள். அதில் தண்ணீர் இறங்கியது. ஒரு காலையில் மழை வலுத்தபோது டெய்லரம்மா மிஷினை உள்ளே இழுத்துவிட்டார். கம்பியில் காயும் துணியை எடுக்கத் திரும்பிப் போனார். பால்கனி ஒரு பெட்டியின் மூடி கவிழ்வதுபோலச் சுவரோரமாக மடங்கிக் கீழே தொங்கியது. அவர் சரிந்து தெருவில் விழுந்தார். உயிர் பிழைத்துக்கொண்டார். வலது கால் கணுக்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. மிஷினை மிதிக்கிற கால்.

உடைந்த இடத்தைப் பார்க்க டேப்பு சார் போனார். டேப்பை எடுக்கவே இல்லை. பார்த்ததுமே தெரிந்தது, கம்பிகள் எல்லாம் அடியில் படுத்துக் கிடந்தன.

காண்ட்ராக்டர் சுறுசுறுப்பான மனிதர். மேஸ்திரியின் கவனக்குறைவுதான் காரணம், பொறியாளரைக் கூப்பிடாமலே காங்கிரீட் போட்டுவிட்டான் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். மேஸ்திரியை இரண்டு தடவை அழைத்து உட்கார வைத்தார்கள். அடுத்த தடவை உள்ளே வைத்துவிடுவார்கள் என்று பேச்சு. இன்னொரு பக்கம் டெய்லரம்மா காண்ட்ராக்டர்மீதும் டேப்பு சார்மீதும் இழப்பீடு கேட்டார். தகராறு வந்தால் நடுவர் ஒருவரிடம் போவது என்று ஒப்பந்தங்களில் இருந்தது. அங்கே என்ன முடிவாகிறதோ அதைத்தான் காவல் நிலையமும் எதிர்பார்த்திருந்தது.

டேப்பு சாருக்கு வக்கீல் அவர் மனைவியின் தம்பி. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தான்.

"மாமா, பொழைச்சீங்க! 'முக்கியமான கட்டங்களில் வந்து பார்வையிடுவார். தொடர்ந்து நின்று மேற்பார்வை செய்வது இதில் அடங்காது.' இதை யாரு எழுதினது?"

"நான்தான். வேற ஒருத்தரோட ஒப்பந்தத்தைப் பார்த்து அப்படியே அடிச்சேன்."

"அவர் காலைத் தொட்டுக் கும்பிடணும். காலையில வந்து பார்த்தீங்க, சேர் வைக்கச் சொன்னீங்க. உங்க கடமை முடிஞ்சுது. அப்புறம் நீங்க அங்க இருந்திருக்கவே தேவையில்ல."

"ஆனா இருந்தேன் மாப்ளே. கூப்பிட்டான். கையைக் காட்டினேன்."

மச்சினன் பேனாவை மூடினான். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினான்.

"மாமா, இல்லாம இருந்தா தப்பில்ல. இருந்து, கேட்டதுக்குச் சரின்னு சொல்லிட்டுப் பார்க்காம விட்டா, அது தப்பு. நீங்களா பொறுப்பைக் கையில வாங்கின மாதிரி ஆயிடும். கை காட்டினதை யார் பார்த்தா?"

"அவன்தான்."

"அவன் சொல்றதை நான் பார்த்துக்கிறேன். நீங்க வாயே திறக்காதீங்க. அக்காவுக்காக."

நடுவர் ஓய்வு பெற்ற பொறியாளர். காதில் கருவி வைத்திருந்தார். காகிதக் கடை ஒன்றின் மாடியில் ஒரு நீள மேஜை, மேலே ஒரு மின்விசிறி, மேஜையைச் சுற்றி எல்லோரும். டெய்லரம்மா காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டு முழங்கால்வரை இருந்தது.

மேஸ்திரி நடந்ததைச் சொன்னார். சேர் குறைவாக வைத்தது தன் தப்புதான் என்றார். கூப்பிட்டதையும், சார் கையைக் காட்டியதையும் சொன்னார். மச்சினன் எழுந்தான்.

"கலவை மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"ஓடிச்சுங்க."

"அது ஓடினா பக்கத்துல நிக்கிறவன் பேசறதே கேக்காது. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ன சாருக்கு நீ சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டதாலதானுங்க கையை ஆட்டினார்."

"உனக்கா ஆட்டினார்? தெருவுல தெரிஞ்சவங்க யாராவது போயிருக்கலாம். வெயிலுக்குக் கண்ணை மறைச்சிருக்கலாம். ஈ ஓட்டியிருக்கலாம். இல்லையா?"

காண்ட்ராக்டர் வாய்விட்டுச் சிரித்தார். காகிதக் கடைக்காரர்கூடப் படியில் நின்று சிரித்தார். மேஸ்திரியும் வழக்கம்போல ஒரு பதில் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"ஈ... இருக்கலாம்ங்க. சத்தம் இருந்துச்சு" என்றார். பிறகு மேஜைக்கு இந்தப் பக்கம் பார்த்தார். "சாரையே கேளுங்க. சார் அளக்காம ஒரு வார்த்தை சொல்லமாட்டார்."

மச்சினன் மேஜைக்கடியில் டேப்பு சாரின் முழங்காலை அழுத்தினான். அவர் எழுந்து நின்றார்.

"அவன் கூப்பிட்டான். எனக்குக் கேட்டுது. போடச் சொல்லித்தான் கையைக் காட்டினேன். போய்ப் பார்க்கலை."

நடுவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "ஏன் போகலை?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. மேடை, பலகை, ஈரச் சாந்து, தன் கால், எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றது.

"ஒரு போன் வந்துது" என்றார். "அவசரமான போன்."

மேஸ்திரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். உடனே குனிந்துகொண்டார்.

தீர்ப்பு வந்தது. இழப்பீட்டில் பெரும் பங்கு காண்ட்ராக்டருக்கு, ஒரு பங்கு டேப்பு சாருக்கு. கூப்பிட்டும் பொறியாளர் வரவில்லை என்று ஆனதால் மேஸ்திரியைக் காவல் நிலையம் விட்டுவிட்டது. டேப்பு சாரின் உரிமத்தைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அதை அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பாராதது, ஊரே அவரைப் பாராட்டியதுதான். சங்கத்துத் தலைவர் வீட்டுக்கே வந்து கையைக் குலுக்கினார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்றார். மச்சினன் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, "தோத்தாலும் பெருமையா இருக்கு மாமா" என்றான். மனைவி தட்டில் அவருக்குப் பிடித்ததாகவே போட்டாள். அவருக்கு இறங்கவில்லை. திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பார்.

ஒருநாள் டீக்கடையில் மேஸ்திரி எதிர்ப்பட்டார். வேறு இடத்தில் வேலை கிடைத்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

"நீங்க வாயைத் திறக்கலைன்னா என் பொண்டாட்டி சோறு கட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்திருப்பா சார்." டீயை ஆற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "போன் வந்துதுன்னு சொன்னது நல்லதுதான். அப்படிச் சொன்னாதான் கௌரவமா இருக்கு."

டேப்பு சார் டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்குத் தெரியுமா?"

"மேலேருந்து பார்த்தா தெரியாதா சார்? ஷூ வெயில்ல பளபளன்னு அடிச்சுது. சார் இன்னிக்கு மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கார், பலகையில ஏறமாட்டார், நாமளே போட்டுடலாம்னு பசங்ககிட்ட நான்தான் சொன்னேன்." அதில் குத்தல் எதுவும் இல்லை. பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை.

மறுநாளே அவர் நடுவர் வீட்டுக்குப் போனார். தான் சொன்ன காரணம் பொய், திருத்திக்கொள்ளவேண்டும் என்றார். நடுவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

"போனோ ஷூவோ, நீங்க மேல போகலை. எனக்கு அதுதான் தேவை. அது மாறலை, தீர்ப்பும் மாறாது" என்றார். பிறகு குழாயை மூடிவிட்டு, கொஞ்சம் கனிவாகவே சேர்த்தார். "விட்டுடுங்க சார். இது சட்டத்துக்கு வேண்டாத விவரம்."

சட்டத்துக்கு வேண்டாத விவரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? வீட்டுக்குப் போகாமல், பேருந்து ஏறி டெய்லரம்மா வீட்டுக்குப் போனார்.

தங்கைதான் கதவைத் திறந்தாள். டெய்லரம்மா உள்ளறையில் மிஷின் முன்னால் இருந்தார். அதற்கு மோட்டார் பூட்டியிருந்தது. இடது காலால் அழுத்திப் பழகிக்கொண்டிருந்தார். மேலே குழல் விளக்கு எரிந்தது. அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சார், உக்காருங்க. ஏய், சாருக்கு டீ போடு. இந்தக் காலு கோணலா ஓட்டுது சார், தையல் எல்லாம் பாம்பு மாதிரி போகுது." சிரித்தார். "வர்றவங்ககிட்ட எல்லாம் உங்களைப் பத்தித்தான் சொல்றேன். அந்த ரூம்ல அத்தனை பேர் இருந்தாங்க, நெசத்தைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

"அம்மா, நான் நெசத்தைச் சொல்லலை."

மோட்டார் நின்றது.

அவர் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மதியம் மேடை இருந்தது. புது ஷூ போட்டிருந்தேன். பலகையில் சாந்து இருந்தது. அழுக்காகும் என்று ஏறவில்லை. போன் எதுவும் வரவில்லை.

டெய்லரம்மா அவர் காலைப் பார்த்தார். இன்று பழைய செருப்புதான் போட்டிருந்தார்.

"போன் வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல" என்றார். "யாருக்கோ என்னவோ ஆபத்து போலருக்கு, அதான் சாரால வரமுடியலைன்னு நெனச்சேன். கால்ல கட்டோட படுத்துக்கிட்டு, அந்த ஆளு யாரோ, அவங்களாவது நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். அப்படி ஒரு ஆளே இல்லையா?"

"இல்லம்மா."

தங்கை டீயோடு வந்து கதவருகே நின்றாள். டெய்லரம்மா அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். டீ உள்ளே திரும்பிப் போனது.

"என்னை எதுக்கு சார் இதைக் கேக்க வெச்சீங்க? நான் ஒரு மாதிரி ஆறிக்கிட்டு இருந்தேன்."

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் வந்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. தன் பாரத்தை இறக்கிவைக்கக் கடைசியில் இந்த அறைக்குத்தான் வந்திருக்கிறார், கால் போனவரிடம். மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதுவும் இன்னொன்றைக் கேட்டு வாங்குவதுதான் என்று தோன்ற, விழுங்கிக்கொண்டார்.

"நீங்க கிளம்புங்க சார்" என்றார் டெய்லரம்மா. குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. "புதுப் பால்கனிக்கு வேற ஒரு இன்ஜினியரம்மா வராங்க. அவங்க பார்த்துப்பாங்க. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க, வெளியேருந்து தூசி வருது."

சாத்தினார். உள்ளே மோட்டார் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது; விட்டுவிட்டு ஓடியது.

தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். பழைய தளத்தை உடைத்து அகற்றிவிட்டு, புதிதாகப் பலகை அடித்து, கம்பி கட்டத் தொடங்கியிருந்தார்கள். கை தன்னையறியாமல் கால்சட்டைப் பைக்குப் போனது. மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்த ஆள் அவரை முன்பின் பார்த்ததில்லை.

"ஹலோ, பெரியவரே! அங்க நிக்காதீங்க, மேல வேலை நடக்குது. தள்ளிப் போங்க!"

டேப்பு சார் பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, எதிர்ப் பக்கத்துக்குத் தள்ளிப் போனார்.